கூட்டத்துக்குப் போயும் பசி தீரவில்லை: "ஆழமாகப் போங்கள்" என்றால் எங்கே போவது?

கேள்வி, 9 பிப்ரவரி 2025, ஞாயிறு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (பாமாயில்) ஆலையில் ஷிப்டு வேலை. ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. மாதம் ஒரு உபவாசக் கூட்டம், வருஷத்துக்கு இரண்டு எழுப்புதல் கூட்டம். கூட்டம் முடிந்து இரண்டு நாள் நெஞ்சு நிறைந்திருக்கும். புதன்கிழமை காலி. "விசுவாசத்தில் இன்னும் ஆழமாகப் போங்கள்" என்கிறார் போதகர். ஆழம் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கூட்டம் சேர்த்துக்கொள்வதா?

9 பிப்ரவரி, இரவு 9.40

வேண்டாம். ஒன்றைக் குறையுங்கள்.

பால் மரம் (ரப்பர்) வெட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கத்தி ஒரு தடவை சீவுவது ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான். இன்றைக்கு நிறையப் பால் வேண்டுமென்று ஆழமாக இறக்கினால் உள்தோல் வெட்டுப்படும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே கத்தி ஓடாது. கூட்டங்களில் நடப்பது பெரும்பாலும் ஆழ வெட்டு. உங்களுக்குத் தேவை மெல்லிய சீவல், அடிக்கடி.

அளவு சொல்கிறேன். நாளைக்கு 15 நிமிடம். மாற்கு சுவிசேஷம். ஒரு நாளுக்குப் பத்து வசனம், அல்லது ஒரு சம்பவம் முடிகிற இடம் வரை. மாற்கில் 678 வசனம். நாளை தொடங்கினால் 68 நாள், அதாவது பெரிய வெள்ளி. ஈஸ்டர் 20 ஏப்ரல். இரண்டு நாள் தவறினாலும் உயிர்த்தெழுதல் அதிகாரம் ஈஸ்டரன்றே வந்து நிற்கும்.

காகித வேதாகமமாக இருக்கட்டும். கைப்பேசி வேறு அறையில், முகம் குப்புற. கைப்பேசியில் படித்தால் 4-வது வசனத்தில் ஆலை வாட்ஸ்அப் குழு உள்ளே வந்துவிடும்.

10 பிப்ரவரி, காலை

நேரம் சொல்லாமல் விட்டேன். "காலை 5 மணி" என்று எழுதி வைத்திருந்து அழித்தேன். பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்களுக்கு அது சரி, ஷிப்டு மாறுகிறவருக்கு மூன்றாவது வாரமே உடைந்துபோகும். கடிகாரத்தில் கட்டாதீர்கள்; தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையில் கட்டுங்கள். எழுந்து முகம் கழுவியதும், கோப்பி கலக்கும் முன். இரவு ஷிப்டு முடித்து வந்த கையோடு உட்கார்ந்தால் இரண்டாம் வசனத்தில் தலை தொங்கும். தூங்கி எழுந்து மத்தியானம் 2 மணிக்கு உட்கார்ந்தாலும் அது உங்கள் காலைதான்.

10 பிப்ரவரி, இரவு 10.15

தைப்பிங்கிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "பத்து வசனமா? நாங்கள் வருஷத்தில் முழு வேதாகமமும் முடிப்போம்."

முடியுங்கள். 66 புத்தகம், 1189 அதிகாரம். வார நாளில் 3, ஞாயிறு 5 என்றால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் 1196. கணக்கு சரியாக உட்காருகிறது. ஆனால் எங்கே படுக்கும் என்பதும் தெரிந்ததே. ஜனவரி 1-ல் தொடங்கினால் நான்காவது வாரம் ஆசரிப்புக் கூடாரத்தின் கொக்கி, வளையம், பலகை அளவெல்லாம் (யாத்திராகமம் 25 முதல்). அதைத் தாண்டினால் லேவியராகமம். சீனப் பெருநாளுக்குத் தள்ளாடி, தைப்பூச விடுமுறையில் படுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு குற்ற உணர்ச்சி, அதற்குப் பிறகு அடுத்த ஜனவரி.

படுத்தவர்களுக்கு இரண்டு மாற்று வழி. ஒன்று: புதிய ஏற்பாடு மட்டும். 260 அதிகாரம், திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்று என்றால் சரியாக 52 வாரம், சனி ஞாயிறு விட்டதைப் பிடிக்க. இன்னொன்று: சங்கீதம் 150, ஒரு மாதம். தேதிதான் முதல் எண், அதோடு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போங்கள். இன்றைக்கு 10 என்றால் 10, 40, 70, 100, 130. 29-ந் தேதி 119 வரும், 176 வசனம். அன்றைக்குச் சோற்றை முதலிலேயே வடித்து வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் பரப்பு. கேட்டவர் கேட்டது ஆழம். ஆரம்பத்தில் இரண்டையும் ஒன்றாக எடுக்க வேண்டாம்.

12 பிப்ரவரி

"பத்து வசனம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் 13 நிமிடம் சுவரைப் பார்த்தேன்."

நல்ல கேள்வி, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் "தியானமாயிருக்கிற" மனுஷன் வருகிறான் அல்லவா, அங்கே எபிரெயச் சொல் ஹாகா. வாய்க்குள் முணுமுணுப்பது. ஏசாயா 31:4-ல் இரையின்மேல் நிற்கும் சிங்கத்தின் உறுமலுக்கும் அதே சொல்தான். கண்ணை மூடி மௌனமாக இருப்பதல்ல அது. வாய் அசைய வேண்டும். நம் மொழியில் இதற்கு அசை போடுதல் என்று பொருத்தமான சொல் இருக்கிறது. மாடு மேயும்போது வேகமாக மேயும், படுத்த பிறகுதான் மெல்லும்.

ஆகவே: முதல் வாசிப்பு சத்தமாக, வீட்டில் மற்றவர் எழாத அளவுக்கு. இரண்டாவது வாசிப்பு மெதுவாக, எந்தச் சொல்லில் நாக்கு தடுக்குகிறதோ அங்கே நில்லுங்கள். மூன்றாவது அந்த ஒரு வசனம் மட்டும், ஐந்தாறு தடவை. இதற்கு 6 நிமிடம் போய்விடும்.

மிச்சத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1535-ல் தம் நாவிதர் பீட்டருக்கு எழுதிக்கொடுத்த முறை. எப்படி ஜெபிப்பது என்று நாவிதர் கேட்டதற்குப் பதில் அது. ஒரு வாக்கியத்தை எடுத்து நான்கு இழையாகத் திரித்து மாலை கட்டச் சொல்கிறார்: இது என்ன கற்பிக்கிறது, இதற்காக எதற்கு நன்றி, இதில் நான் எங்கே தவறினேன், இப்போது எதைக் கேட்கிறேன். பத்துக் கட்டளைகளில் எட்டாம் கற்பனையை எடுத்துப் பாருங்கள், "களவு செய்யாதிருப்பாயாக". கற்பிப்பது: அடுத்தவன் பையில் கை விடாதது மட்டுமல்ல, அடுத்தவன் உழைப்பையும் நேரத்தையும் தின்னாதது. நன்றி: ராத்திரி வாசலில் விட்ட மோட்டார் காலையில் அங்கேயே நிற்பது. தவறியது: இங்கே பொதுவாகப் பேசக்கூடாது, ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். கம்பெனி டீசல். உடம்பு நன்றாக இருந்தும் எடுத்த எம்சி (மருத்துவ விடுப்பு). ஐந்து மாதமாகத் திருப்பித் தராத துளையிடும் மெஷின். கேட்பது: எனக்காக, என்னிடம் இழந்தவனுக்காக, திருடிப் பிழைக்கிறவனுக்காகவும்.

எங்கே கெட்டுப்போகும்? முதல் இழையிலேயே. தலைக்குள் ஒரு போதகர் எழுந்து பிரசங்கம் செய்ய ஆரம்பிப்பார், எதிரில் கற்பனையில் மைத்துனர் உட்கார்ந்திருப்பார். முதல் இழைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மூன்றாவதுதான் உங்களுக்குச் சோறு.

நான்கையும் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டால் மற்றதை விட்டுவிட்டு அங்கேயே இருங்கள் என்று லுத்தரே சொல்கிறார். கூடவே, நல்ல நாவிதர் கண்ணைக் கத்தியிலும் முடியிலும் வைத்திருப்பதுபோல ஜெபத்தில் மனம் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அதில் சொந்த அக்கறையும் இருந்திருக்கும்.

12 பிப்ரவரி, இரவு 11.05

திருத்தம். மேலே "எட்டாம் கற்பனை" என்றேன். லுத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் அதை ஏழாவதாக எண்ணுகிறார்கள், லுத்தரும் அப்படித்தான். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே வீடுகளில் எட்டு. எந்த எண் போட்டாலும் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

வறட்சிக்கு எல்லாக் காரணமும் ஆவிக்குரியது அல்ல. இதைச் சபையில் சொன்னால் அவிசுவாசம் என்பார்கள்.

எலியா சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று கேட்ட இடம், 1 இராஜாக்கள் 19. அவருக்கு முதலில் கிடைத்தது தரிசனமல்ல. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி அடை, தண்ணீர். அதற்குப் பிறகு நாற்பது நாள் நடை. அதற்கும் பிறகுதான் மெல்லிய சத்தம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஓவர்டைம் சேர்த்து ஐந்து மணி நேரம் தூங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தலையணையை.

அடுத்தது தீராத சண்டை. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற வார்த்தை (மத்தேயு 5:23-24) வரிசையையும் சேர்த்தே சொல்கிறது. பாட்டி வீட்டுப் பாகப்பிரிவினையில் அண்ணனோடு பேசாமல் இருப்பவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஜெபித்தாலும் அந்தக் கல் தொண்டையிலேயே இருக்கும். ஆலோங் என்ற கந்துவட்டிக்காரரிடம் வாங்கிய வட்டிக் கடனும் அப்படித்தான். மறைத்து வைத்த கடன் ஜெபத்தைத் தின்னும். மனைவியிடம் தொகையைச் சொல்லுங்கள், முழுத் தொகையை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை, பிள்ளை சிரித்தாலும் எதுவும் தோன்றவில்லை என்றால் அரசு கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். ஜெபத்தை நிறுத்த வேண்டாம், ஜெபத்தோடு போங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வறட்சியா? இருக்கலாம். 88-ம் சங்கீதம் வெளிச்சமே வராமல் இருளில் முடிகிறது, அதை யாரும் வேதாகமத்திலிருந்து கிழித்துவிடவில்லை. அப்படிப்பட்ட நாளில் சொந்த வார்த்தை தேடாதீர்கள். அந்தச் சங்கீதத்தையே உங்கள் ஜெபமாக வாசித்துவிட்டு வேலைக்குப் போங்கள்.

23 பிப்ரவரி

மனப்பாடம் பற்றிக் கேட்டவருக்கு. வாரத்துக்கு ஒரு வசனம், சிறிய அட்டையில் கையால் எழுதி. இடம் எண்ணை வசனத்துக்கு முன்பும் பின்பும் சொல்லுங்கள்; முன்பு மட்டும் சொன்னால் ஆறு மாதத்தில் வசனம் இருக்கும், முகவரி இருக்காது. அட்டைகள் மூன்று கட்டு: தினமும், வாரம் ஒரு முறை, மாதம் ஒரு முறை. ஏழு நாள் தடுமாறாமல் வந்த அட்டை இரண்டாம் கட்டுக்கு. நான்கு வாரம் நின்றால் மூன்றாவதற்கு. எங்கே தடுமாறினாலும் இரக்கமில்லாமல் முதல் கட்டுக்கே திரும்பட்டும்.

மொழிபெயர்ப்பை மாற்றாதீர்கள். பழைய மொழிபெயர்ப்பில் பாதியும் எளிய தமிழில் பாதியும் கலந்தால் நாக்கு நடுவில் நின்றுவிடும். வாசிக்கப் புதியது, மனப்பாடத்துக்குப் பழையது என்று வைத்துக்கொள்ளலாம், பழையதில் தாளம் இருக்கிறது.

தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. அதற்காக அவர்களைத் திட்டிப் பயனில்லை. நீங்கள் வாசியுங்கள், அவர்கள் திரும்பச் சொல்லட்டும். எழுதத் தெரியாதவர் நிறைந்த காலத்தில் விசுவாசத்தை வீட்டுக்குள் கொண்டுபோனது பாட்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) போன்றவர்களின் கீர்த்தனை மரபு அதற்குத்தானே. பல்லவி திரும்பத் திரும்ப வருவதும் ஒருவகை அசை போடுதல். சமையலறையில் பாத்திரம் கழுவும்போது முழுச் சரணமும் பாடுகிற பாட்டிகள் தியானம் என்ற சொல்லையே பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

2 மார்ச்

இன்று ரமலான் தொடங்கிவிட்டது, புதன் 5-ந் தேதி சாம்பல் புதன், நாற்பது நாள் லெந்து காலத்தின் தொடக்கம். இந்த வருஷம் ஆலை கேண்டீன் மத்தியானம் காற்று வாங்கும், உபவாசிக்க வசதி. மாலையில் பசார் ரமடான் (நோன்புக்கால உணவுச் சந்தை) பக்கம் போனால்தான் சோதனை.

முதன்முறை உபவாசிப்பவர் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் தொடங்குங்கள். காலை 7-க்குச் சாப்பிட்டு மாலை 7-க்கு அடுத்தது. தண்ணீர் குடியுங்கள். வெயிலில் குலை வெட்டுகிறவரும் பாய்லர் பக்கம் நிற்கிறவரும் தண்ணீர் இல்லாத உபவாசம் எடுக்கவே கூடாது, மயங்கி விழுந்தால் அருகில் இருப்பது மெஷின். கோப்பி குடிப்பவர்கள் மூன்று நாள் முன்பே பாதிப் பாதியாகக் குறையுங்கள். இல்லையென்றால் அடுத்த நாள் வரும் தலைவலியைச் சாத்தானின் போராட்டம் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

முடிக்கும்போது கஞ்சி, கொஞ்சம் பழம். பிரியாணியில் முடித்தால் வயிறு பழிவாங்கும்.

சேமித்த சாப்பாட்டுக் காசை, 8 வெள்ளியோ 10 வெள்ளியோ (ரிங்கிட்), அன்றைக்கே ஒரு டப்பாவில் போடுங்கள். ஏசாயா 58-ல் கர்த்தர் விரும்பும் உபவாசம் பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்வது. டப்பா இல்லாத உபவாசம் சிக்கனம் மட்டுமே. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) தனியாக இருக்கும் முதியவருக்கு மாதக் கடைசியில் அரிசி.

ஆதி சபையில் புதனும் வெள்ளியும் உபவாச நாள் என்று திதாகே என்ற பழைய நூல் சொல்கிறது. நம் ஊரில் வெள்ளி உபவாசம் என்றால் காசைத் தொடாமல் இருப்பதா என்று ஒருவர் கேட்டார். அதுவும் மோசமில்லை.

5 மார்ச்

லெந்து காலத்தின் நாற்பது நாள் கணக்குச் சரியில்லை என்கிறார் ஒருவர். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறு கழித்தால் 40. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், உபவாசக் கணக்கில் வராது.

கறி மீன் விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. சைவ மட்டன், சைவ கோழி, சைவ இறால் என்று மூன்று வகை வாங்கிச் சமைத்தால் விட்டது ஆட்டை மட்டும்தான்.

9 மார்ச்

2-ந் தேதிக் குறிப்பில் பெரிய ஓட்டை. சர்க்கரை வியாதி பற்றி எழுதாமல் விட்டேன். நம் வீடுகளில் ஆளுக்கு ஆள் இருக்கிற வியாதி.

இன்சுலின் போடுகிறவர், சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைத் தள்ளக்கூடாது. மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் விடுவதுதான் மிகவும் ஆபத்து. கை நடுக்கம், குளிர் வியர்வை, குழப்பம் வந்தால், அல்லது கருவியில் 3.9-க்கு (mmol/L) கீழே காட்டினால் அந்த நிமிடமே உபவாசம் முடிந்தது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை தண்ணீரில் கலக்கிக் குடித்து 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள்.

கத்தோலிக்க ஒழுங்கிலும் உபவாசக் கடமை 18 வயது முதல் 59 வரைதான், நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. உடம்பு ஒத்துவராதவர் தொலைக்காட்சித் தொடரையோ முகநூலையோ அதே நேரத்துக்கு விட்டுவிட்டு அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கட்டும். நேரத்தை நிரப்பாமல் விட்டால் அதில் தூக்கம் வந்து உட்காரும்.

15 மார்ச்

இதுவரை எழுதியதெல்லாம் தனி ஆளுக்கு. படித்துப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. தனியாக ஆழம் போகிறவர்கள் பெரும்பாலும் தனக்குள்தான் போகிறார்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வகுப்புகள் என்ற சிறு குழுக்களைப் பற்றி மெதடிஸ்ட் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். அது தொடங்கிய கதை வேடிக்கை. 1742, பிரிஸ்டல். கட்டடக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவு, பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து ஒருவர் வசூலிக்க வேண்டும். ஏழைகளால் எப்படிக் கொடுக்க முடியும் என்றபோது, இருப்பவர்களில் ஏழைகளான பதினொருவரை எனக்குக் கொடுங்கள், குறைவதை நான் போடுகிறேன் என்றார் ஒருவர். வீடு வீடாகப் போனபோதுதான் யார் குடிக்கிறார், யார் வீட்டில் சண்டை என்பது தெரிந்தது. பென்னி வசூல் ஆத்தும விசாரணையாக மாறியது அப்படித்தான்.

நமக்குப் பன்னிரண்டு வேண்டாம். மூன்று பேர். ஆண்கள் தனி, பெண்கள் தனி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 45 நிமிடம், ஷிப்டு அட்டவணை வந்தவுடனே தேதி குறித்துவிடுங்கள். கோப்பிக் கடை மூலை போதும். வீட்டில் கூடினால் வீட்டுக்காரம்மா பலகாரம் சுட ஆரம்பிப்பார், மூன்றாம் தடவை அது விருந்தாகிவிடும். ஆளுக்கு 10 நிமிடம்: எதை வாசித்தேன், எங்கே தவறினேன், அடுத்த இரண்டு வாரத்தில் எந்த ஒரு காரியத்தைச் செய்வேன். அடுத்த தடவை முதல் கேள்வி அந்தக் காரியம் என்ன ஆச்சு என்பதே. கடைசி 15 நிமிடம் ஒருவருக்காக ஒருவர் ஜெபம், நேராக, சுருக்கமாக.

புத்திமதி சொல்லக்கூடாது, கேட்டாலொழிய. இது ஒன்று உடைந்தால் குழுவே உடையும்.

16 மார்ச்

மறந்தேன்: வாட்ஸ்அப் குழு வேண்டாம். "ஜெபக் குறிப்பாகத்தான் சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள்" என்று தொடங்கும் செய்தி ஈப்போவுக்குப் போய்த் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகாது.

29 மார்ச்

பெரிய வெள்ளிக்கு லீவு எழுதிக் கொடுங்கள், இப்போதே. சபா, சரவாக்கில்தான் அது பொது விடுமுறை. தீபகற்பத்தில் வருஷ லீவிலிருந்து எடுக்க வேண்டும். திங்கட்கிழமை ஹரி ராயாவாக (நோன்புப் பெருநாள்) இருக்கும். மலாய் சக ஊழியருக்காக அந்த ஷிப்டை நீங்கள் நில்லுங்கள், 18 ஏப்ரல் உங்களுக்காக அவர் நிற்கட்டும். கேட்டால் மாட்டேன் என்று சொல்கிறவர் குறைவு. ராயா முடிந்து கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

பெரிய வெள்ளியன்று சபையில் 12 முதல் 3 மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகள் என்றால் முந்தின வாரமே வீட்டில் வாசித்துவிட்டுப் போங்கள். மூன்று லூக்காவில், மூன்று யோவானில், ஒன்று மத்தேயுவிலும் மாற்கிலும்.

6 ஏப்ரல்

"விதை காணிக்கை 500 வெள்ளி போட்டால் வறட்சி நீங்கும் என்றார்கள். கடன் வாங்கிப் போடலாமா?"

கூடாது. 2 கொரிந்தியர் 8:12 ஒருவனுக்கு உள்ளதன்படி என்கிறது, இல்லாததன்படி அல்ல. அதே நிருபம் 9:7, கட்டாயமாயும் அல்ல. மேடையிலிருந்து எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டால் உட்கார்ந்திருங்கள்.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

காலைக்கு மட்டும் எழுதிவிட்டு இரவை விட்டுவிட்டேன். ஏழு நிமிடம் போதும். படுக்கையில் வேண்டாம், வாசற்படியில் உட்கார்ந்து. இன்று எழுந்தது முதல் இப்போது வரை மணி மணியாக ஓட்டிப் பாருங்கள்: எங்கே கர்த்தரின் கை தெரிந்தது, எங்கே நான் தள்ளிப்போனேன், நாளைக்கு எந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன். யேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா வழி வந்தவர்கள் இதை ஐந்து படியாகச் செய்வார்கள், அசதியில் மூன்றே நிற்கும். பாவப்பட்டியல் மட்டும் போட்டு முடித்தால் தூக்கம் கெடும். நன்றியில் தொடங்குவது அதற்காகத்தான்.

21 ஏப்ரல், திங்கள்

கேட்டவர் எழுதியிருக்கிறார்: 70 நாளில் 41 நாள்தான் உட்கார்ந்தாராம். இரண்டு வாரம் இரவு ஷிப்டில் போய்விட்டது. ஈஸ்டர் வந்துவிட்டது, மாற்கு இன்னும் 10-ம் அதிகாரத்தில். விட்டதை ஒரே ராத்திரியில் படித்து முடித்துவிடலாமா என்கிறார்.

வேண்டாம். மீதி வைத்த மன்னா பூச்சி பிடித்தது (யாத்திராகமம் 16), முந்தின நாளுக்கான மன்னாவும் மறுநாள் விழவில்லை. நின்ற இடத்திலிருந்து போங்கள். 10:46, எரிகோ, குருடன் பர்திமேயு. ஏழே வசனம். அவனிடம் இயேசு ஒரு கேள்வி கேட்பார். அதிலேயே நின்றுவிட்டால் மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.